சி8-இல் மாட்டிக்கொண்ட பிஷப்

செஸ்ஸில் கறுப்புக் காய் ஆடும்போது பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்கை (தொடக்க ஆட்டத்தை) ஆடுகிறேன் என்று சொன்னால் தெரிந்தவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். "அந்த பிஷப்பை வச்சிக்கிட்டு என்ன செய்வீங்க?" என்று கேட்பார்கள். கோலாலம்பூர்ச் செந்தூலில் தே தாரே தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டவர்கள் உண்டு. மிட் வேலியில் ஆட்டம் முடிந்து கைகுலுக்கிய கையோடு கேட்டவர்களும் உண்டு. அவர்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள். இருந்தாலும் அந்தக் கேள்வி பிரெஞ்சின் பாதியைத்தான் பார்க்கிறது என்பது என் கட்சி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

தொடக்கம் எளிது. வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி இ4-இல் வைக்கிறது. கறுப்பு தன் ராஜா சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி இ6-இல் வைக்கிறது. அடுத்து வெள்ளை டி4, கறுப்பு டி5. (வெள்ளையின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் நிரல்கள் இடமிருந்து ஏ, பி, சி என்று எச் வரை போகும், வரிசைகள் நம் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. இது தெரிந்தால் போதும். ஒரு பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். போனில் பார்ப்பதானால் நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.) 1834-இல் லண்டன்காரர்களும் பாரிஸ்காரர்களும் கடிதம் வழியாக ஒரு போட்டி ஆடத் தொடங்கினார்கள். லண்டன் இ4 என்று எழுதி அனுப்ப, பாரிஸ் இ6 என்று பதில் போட்டது. இரண்டு ஆட்டம், இரண்டிலும் பாரிஸுக்கே வெற்றி. பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது.

இ6 தள்ளியதும் கறுப்புக்கு நன்மையும் கெடுதலும் ஒரே நேரத்தில் வருகின்றன. எஃப்8-இல் இருக்கும் பிஷப்புக்கு வழி திறக்கிறது, டி5 சிப்பாய்க்குப் பின்பலம் கிடைக்கிறது. ஆனால் சி8-இல் இருக்கும் பிஷப் வெள்ளைக் கட்டங்களில் மட்டும் குறுக்காக ஓடுவது. இ6, டி5 இரண்டும் வெள்ளைக் கட்டங்கள். தன் சொந்தச் சிப்பாய்களே அதற்குச் சுவர்.

என் அண்ணன் மகள் படிவம் இரண்டில் படிக்கிறாள். பள்ளிச் செஸ் அணியில் இருக்கிறாள், எம்.எஸ்.எஸ்.எம். (தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி) வரை போக வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. அவளுக்கு நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய அன்றே பலகையைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"சித்தப்பா, இந்த பிஷப் காலையில எல்ஆர்டியில உள்ள மாட்டிக்கிட்ட ஆள் மாதிரி இருக்கு. இறங்குற ஸ்டேஷன் வந்துடும், முன்னால நிக்கிறவங்க நகர மாட்டாங்க."

அதைவிட நன்றாக எந்தப் பயிற்சியாளரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அவள் அதற்கடுத்துச் சொன்னதுதான் பிரச்சினை. "அதனால கறுப்பு முதல்ல இந்த பிஷப்பை எப்படியாவது வெளிய கொண்டு வரணும், அதுதானே பிளான்?" இல்லை. பிரெஞ்சு ஆடத் தொடங்குகிற பெரும்பாலோர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். பிஷப்பைக் காப்பாற்றும் வேலையாக ஆட்டம் முழுவதையும் நினைத்துக்கொண்டு, மூன்று நான்கு நகர்த்தல்களை அதற்கே செலவழிக்கிறார்கள். அதற்குள் எதிராளி ராஜா பக்கம் வந்து நின்றுவிடுகிறார்.

சரி, அப்படியென்றால் பிளான் என்ன?

இதைப் புரிந்துகொள்ள மிகவும் உதவுவது அட்வான்ஸ் வகை. மூன்றாவது நகர்த்தலில் வெள்ளை இ5 என்று தள்ளிவிடும். இப்போது நடுவில் நான்கு சிப்பாய்கள் பூட்டிக்கொண்டு நிற்கின்றன: வெள்ளைக்கு டி4, இ5, கறுப்புக்கு டி5, இ6. வெள்ளைக்கு இடம் அதிகம். கறுப்பின் ராஜா பக்கக் குதிரைக்கு எஃப்6 என்ற இயல்பான கட்டம் போய்விட்டது. முதலில் பார்க்கிறவருக்குக் கறுப்பு நசுங்கிக் கிடப்பதாகத்தான் தோன்றும்.

இப்படிக் குறுக்காக ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் சிப்பாய்ச் சங்கிலியை எங்கே தாக்குவது என்று சிந்தித்து எழுதி, ஆடியும் காட்டியவர் ஆரன் நிம்சோவிச். 1886-இல் ரீகாவில் பிறந்தவர், 1935-இல் இறந்தவர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: சங்கிலியின் தலை வலுவாக இருக்கும், ஏனென்றால் பின்னால் இன்னொரு சிப்பாய் அதைத் தாங்குகிறது. அடிக்குத் தாங்கல் குறைவு. ஆகவே அடியைத் தாக்கு. வெள்ளையின் தலை இ5, அடி டி4. எனவே கறுப்பின் முதல் வேலை சி5. பிஷப்பைப் பற்றி இன்னும் பேச்சே எடுக்கவில்லை, கவனியுங்கள்.

வெள்ளை சி3 வைத்து டி4-ஐத் தாங்கும். கறுப்பு குதிரையை சி6-க்குக் கொண்டு வரும். வெள்ளை தன் குதிரையை எஃப்3-க்கு. கறுப்பு ராணியை பி6-க்கு. இப்போது எண்ணிப் பாருங்கள். டி4 மீது சி5 சிப்பாய், சி6 குதிரை, பி6-இலிருந்து ராணி என மூன்று கண்கள். இன்னும் ஒரு குதிரை எச்6 அல்லது இ7 வழியாக எஃப்5-க்கு வந்தால் நான்கு. அதோடு பி6 ராணி பி2 சிப்பாயையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. சி1-இல் இருக்கும் வெள்ளை பிஷப் நகர்ந்தால் பி2 போய்விடும். ஆக நசுங்கிக் கிடக்கும் கறுப்பு, ஐந்தாறு நகர்த்தலுக்குள் வெள்ளையின் பாதிப் படையை ஒரே ஒரு சிப்பாய்க்குக் காவல் நிற்க வைத்துவிட்டது. வெள்ளைக்கு இடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தக் கை ஓய்வாக இல்லை. எனக்குப் பிரெஞ்சில் பிடித்ததே இந்த நிலைதான்.

இந்த இடத்தில் ஒரு பழைய பொறி இருக்கிறது. வெள்ளை ஆறாவது நகர்த்தலில் தன் பிஷப்பை டி3-இல் வைக்கிறது. நல்ல கட்டம்தான், எச்7-ஐ நேராகப் பார்க்கிறது. ஆனால் டி1 ராணி டி4-ஐக் காக்கும் வழியை அது மறைக்கிறது. கறுப்பு சந்தோஷமாக சி5-ஆல் டி4-ஐ வெட்ட, வெள்ளை சி3-ஆல் திருப்பி வெட்ட, கறுப்புக் குதிரை டி4-ஐ எடுக்க, வெள்ளைக் குதிரை அதை எடுக்க, கறுப்பு ராணி வந்து டி4-இல் உட்கார்கிறது. ஒரு சிப்பாய் லாபம். அடுத்த நகர்த்தல் வெள்ளை பிஷப் பி5, செக்! பிஷப் விலகியதும் டி1 ராணி நேராக டி4 ராணியைப் பார்க்கிறது. செக்குக்குப் பதில் சொல்வதா, ராணியைக் காப்பாற்றுவதா? ராணி போச்சு. என் அண்ணன் மகளின் தோழி ஒருத்தி ஷாப்பிங் மால் ரேபிட் (விரைவு ஆட்ட) போட்டி ஒன்றில் இதில் விழுந்துவிட்டு, சோறு வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

இதைத் தடுக்க என்ன வேண்டும்? டி4-ஐத் தொடுவதற்கு முன் பிஷப்பை சி8-இலிருந்து டி7-க்கு ஒரு கட்டம் நகர்த்தினால் போதும். பிறகு பி5-இலிருந்து செக் கிடையாது. எல்லோரும் திட்டுகிற அந்த பிஷப், ஒரே ஒரு கட்டம் நகர்ந்து ராணியைக் காக்கிறது, டி4 மீதான மிரட்டலை உண்மையாக்குகிறது. அது ஓடியாடித் திரிய வேண்டும் என்று யார் சொன்னது? (அப்போதும் வெள்ளை அசராமல் கோட்டை கட்டிவிட்டு, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றிவிட்டு, அந்தச் சிப்பாயைத் தியாகம் செய்யலாம். அதற்கு மில்னர்-பேரி கேம்பிட் என்று பெயர். அந்த ஸ்டூவர்ட் மில்னர்-பேரி இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியர்களின் ரகசியச் செய்திகளை உடைத்த குழுவில் இருந்தவர். தாக்குதல் ஆசை உள்ள எதிராளிகளிடமிருந்து இது வரும், தயாராக இருங்கள்.)

இனி நான் ஆரம்பத்தில் சொன்ன மீதிப் பாதிக்கு வருகிறேன். அதற்கு 1911-இல் கார்ல்ஸ்பாதில் நடந்த ஓர் ஆட்டம் வேண்டும். நிம்சோவிச் வெள்ளை, போலந்துக்காரர் சால்வே கறுப்பு. அதே அட்வான்ஸ். சால்வே செய்ததெல்லாம் மேலே நான் சொன்ன திட்டம்தான்: சி5, குதிரை சி6, ராணி பி6, பிஷப் டி7. அப்புறம் எஃப்6 தள்ளிச் சங்கிலியின் தலையையும் அடித்தார். நிம்சோவிச் சண்டையே போடவில்லை. தானே டி4-ஆல் சி5-ஐ வெட்டிக்கொடுத்தார். இ5 சிப்பாயையும் போக விட்டார். சில நகர்த்தல்களில் வெள்ளையின் சங்கிலி பலகையிலேயே இல்லை. கறுப்பு கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

ஆனால் தோற்றது கறுப்பு. சிப்பாய்கள் போன இடத்தில் நிம்சோவிச் காய்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். டி4-இலும் இ5-இலும் வெள்ளையின் பிஷப்பும் குதிரையும். சிப்பாயை அடித்து விரட்டலாம், அங்கே உட்கார்ந்த குதிரையை எதை வைத்து விரட்டுவது? கறுப்பின் டி5, இ6 சிப்பாய்கள் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. அவற்றின் பின்னால் பிஷப் எந்த வேலையும் இல்லாமல் நின்றது.

பிரெஞ்சு ஆட விரும்பும் யாரும் இந்த ஆட்டத்தை ஒருமுறை பலகையில் வைத்துப் பார்க்காமல் இருக்கக்கூடாது. டி4, இ5 என்ற இரண்டு கறுப்புக் கட்டங்கள் யார் கையில் என்பதுதான் இங்கே கேள்வி. அவை வெள்ளையின் காய்கள் கையில் இருந்தால் டி5, இ6 சிப்பாய்கள் நிரந்தரமாகக் கட்டிப்போடப்படும், பிஷப்பும் சாகும்வரை உள்ளேதான். அவற்றின் மீது கறுப்புக்குப் பிடி இருந்தால், இன்றோ நாளையோ இ5 என்று தள்ள முடியும். அப்படித் தள்ளுகிற அன்று பிஷப்புக்கு வழி தானாகவே திறக்கும். பிஷப்பின் தலைவிதி பிஷப்பின் கையில் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு அலைவதை விட்டு, அந்த இரண்டு கட்டங்களுக்காகச் சண்டை போடுவதுதான் பிரெஞ்சு.

இந்தக் கண்ணோடு பார்த்தால் பிறகு பல விஷயங்கள் தாமாகவே பிடிபடும். எஃப்6 எப்போது தள்ளலாம் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளி, வெள்ளை வெட்டினால், இ6 சிப்பாய் பின்னால் ஆளில்லாமல் நிற்கும், அதற்கு முன்னால் இ5 காலியாக இருக்கும். அந்த இ5-இல் வெள்ளைக் குதிரை வந்து குந்திவிடும் என்றால் எஃப்6 இப்போது வேண்டாம். அங்கே வரும் குதிரையை சி6 குதிரையாலும் டி6 பிஷப்பாலும் உடனே வெட்டலாம் என்றால் தாராளமாகத் தள்ளலாம். மனப்பாடம் எதுவும் தேவையில்லை.

எந்தக் காயை எதோடு மாற்றுவது என்பதும் அப்படித்தான். வெள்ளையிடமும் ஒரு மோசமான பிஷப் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டி4, இ5 சிப்பாய்கள் கறுப்புக் கட்டங்களில் நிற்கின்றன, சி1 பிஷப்பும் அதே நிறத்தில் ஓடுவது. வெள்ளையின் நல்ல பிஷப் டி3-இல் வந்து நிற்கும் மற்றதுதான். ராஜா பக்கத் தாக்குதல் முழுவதும் அதை நம்பியே இருக்கிறது. பிரெஞ்சில் அடிக்கடி வரும் பலி ஒன்று உண்டு. கறுப்பு கோட்டை கட்டியிருக்கும், எஃப்6-இல் குதிரை இருக்காது, ஏனென்றால் இ5 சிப்பாய் அதை விரட்டிவிட்டது. வெள்ளை பிஷப்பைக் கொண்டுபோய் எச்7-இல் செக் வைத்துப் பலி கொடுக்கும். ராஜா எடுத்ததும் குதிரை ஜி5-இல் செக், பின்னாலேயே ராணி எச்5. கணக்குச் சரியாக இருந்தால் முடிந்தது கதை.

ஆகவே கறுப்பு தன் மோசமான பிஷப்பை வெள்ளையின் அந்த டி3 பிஷப்போடு மாற்றிக்கொண்டால் லாபம் இரண்டு. தன் தலைவலியும் போகும், எச்7-க்கு வந்த ஆபத்தும் போகும். அதற்குத்தான் பிஷப் டி7-இலிருந்து பி5-க்குப் போவதும், பி6 தள்ளி ஏ6-க்குப் போவதும். வெள்ளை விவரமானவராக இருந்தால் இந்த மாற்றத்தைத் தவிர்க்கப் பார்ப்பார். அப்படித் தவிர்க்க அவர் செலவிடும் ஒவ்வொரு நகர்த்தலும் டி4-ஐத் தாக்க நமக்குக் கிடைத்த நேரம். இன்னொரு வழி, எஃப்6 தள்ளிய பிறகு டி7, இ8 என்று நடந்து ஜி6-க்கோ எச்5-க்கோ போவது. சுற்றி வளைத்த பாதைதான், ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த பிஷப் சங்கிலிக்கு வெளியே நிற்கும் பிஷப்.

எதுவும் முடியவில்லை என்றால்? டி7-இலேயே இருக்கட்டும், இ6-ஐக் காக்கட்டும். குதிரைகள் பலகையில் இருக்கும்வரை அது பெரிய குறையில்லை. கடைசிக் கட்டத்தில் எதிராளியிடம் ஒரு நல்ல குதிரையும் நம்மிடம் இந்த பிஷப்பும் மட்டும் மிஞ்சும்படி மாற்றங்களைச் செய்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்த ஆட்டத்தில் வெள்ளை ராஜா கறுப்புக் கட்டங்கள் வழியாக நிதானமாக நடந்து உள்ளே வரும், நாம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

2024 நவம்பர் 25. சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டம். நமக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம் என்பதால் மாலை ஐந்து மணிக்கே பிரிக்பீல்ட்ஸ் மாமாக் உணவுக் கடையில் போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்துவிட்டோம், நானும் அண்ணனும் அவர் மகளும். சென்னைப் பையன் குகேஷ் வெள்ளை. பக்கத்து மேசையில் செஸ்ஸே தெரியாத இரண்டு பேர், "நம்ம பையன் ஆடுறானா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். குகேஷ் இ4. அப்போதைய சாம்பியன் டிங் லிரென் இ6.

"சித்தப்பா, உங்க ஆட்டம்!" என்று கத்தினாள். எனக்குத் தர்மசங்கடம். மனசு குகேஷ் பக்கம், கண் கறுப்பு பக்கம்.

டிங் அதைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு துணிச்சல் இருந்தது. 2023-இல் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சியோடு ஆடிய உலகச் சாம்பியன் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் இதே பிரெஞ்சில்தான் நேரம் போதாமல் திணறித் தோற்றார். அதை மறுபடி, அதுவும் சாம்பியன் பட்டத்தைக் காக்கும் போட்டியின் முதல் நாளே எடுத்து வைக்கிறார். குகேஷ் குதிரையை சி3-இல் வைத்து, கறுப்புக் குதிரை எஃப்6-க்கு வந்ததும் இ5 தள்ளி விரட்டி, எஃப்4 சிப்பாயையும் பின்னால் நிறுத்தினார். ஸ்டைனிட்ஸ் வகை. சங்கிலி இன்னும் நீளம், இடம் இன்னும் அதிகம். இதில் வெள்ளை ராஜா பக்கம் போகும், கறுப்பு ராணிப் பக்கம் போகும், யார் முதலில் போய்ச் சேர்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். அன்றைக்கு டிங் முதலில் போய்ச் சேர்ந்தார். 42 நகர்த்தல்களில் கறுப்புக்கு வெற்றி. பக்கத்து மேசைக்காரர்கள் முகம் தொங்கிப் போனது. "இது நல்ல ஓப்பனிங் இல்லன்னு சொன்னீங்களே" என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அப்படிச் சொன்னதே இல்லை, சொன்னது அவருடைய மகள்.

பதின்மூன்றாவது ஆட்டத்திலும் குகேஷ் இ4 ஆட, டிங் மறுபடி பிரெஞ்சுதான் ஆடினார். அது டிரா. பதினான்காவது ஆட்டத்தில் குகேஷ் வென்று, 7.5-க்கு 6.5 என்ற கணக்கில், 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனது உங்களுக்கே தெரியும். அந்தக் கடைசி ஆட்டம் பிரெஞ்சு இல்லை. ஆனாலும் இங்கே சொல்லக் காரணம் உண்டு: டிரா ஆக வேண்டிய நிலையில் டிங் யானையை எஃப்2-இல் வைத்தார். குகேஷ் யானைகளை மாற்றிவிட்டு பிஷப்பை டி5-இல் கொண்டுவந்து நிறுத்தினார். ஏ8 மூலையில் நின்ற டிங்கின் பிஷப்புக்கு மாற்றத்தைத் தவிர்க்க வழியில்லை. பிஷப்புகள் போனதும் மிஞ்சியது தோற்கும் சிப்பாய் ஆட்டம். எந்தக் காயை எப்போது மாற்றுவது என்பதில் உலகப் பட்டமே கைமாறியது.

பிரெஞ்சின் மற்ற வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. மூன்றாவது நகர்த்தலில் வெள்ளை குதிரையை சி3-இல் வைத்ததும் கறுப்பு பிஷப்பை பி4-க்கு அனுப்பி அதைக் கட்டிப்போட்டால் அது வினாவர். கறுப்பு தன் நல்ல பிஷப்பைக் கொடுத்து வெள்ளையின் சி நிரல் சிப்பாய்களை இரட்டையாக்கும். பதிலுக்கு வெள்ளை ராணி ஜி4-க்குப் பாய்ந்து ஜி7-ஐக் கேட்கும். அதன்பிறகு நடப்பது பட்டாசுக் கடையில் தீ. 1960-இல் தால், போட்வின்னிக்கோடு ஆடிய உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டம் இதுதான், தால் வென்றார். எனக்கு வினாவரைப் பார்க்கப் பிடிக்கும், ஆடும் வயது போய்விட்டது. இதில் நினைவில் வைக்க வேண்டிய வரிசைகள் ஏராளம்.

வெள்ளை குதிரையை டி2-இல் வைத்தால் டராஷ். கறுப்பு பி4-இல் கட்டிப்போட முடியாது. இதற்கு சி5 என்று உடனே தாக்கி, வெள்ளை டி5-ஐ வெட்டினால் இ சிப்பாயால் திருப்பி எடுப்பது ஒரு வழி. இ6 சிப்பாய் இடம் மாறியதும் சி8 பிஷப்புக்கு வழி திறந்துவிடும். ஆனால் டி5 சிப்பாய் தனி ஆளாக நிற்கும், ஆட்டம் முழுவதும் அதைக் காக்க வேண்டும். 1974-இல் மாஸ்கோவில் கார்ப்போவும் கோர்ச்னோயும் மோதிய இறுதித் தகுதிப் போட்டியில் இந்த நிலை திரும்பத் திரும்ப வந்தது. அடுத்த ஆண்டு ஃபிஷர் பட்டத்தைக் காக்க வராததால் அதில் வென்ற கார்ப்போவ்தான் உலகச் சாம்பியன் ஆனார். அந்தப் போட்டியில் கார்ப்போவ் ஜெயித்த ஆட்டங்கள் மூன்று. ஒன்றுகூடப் பிரெஞ்சில் இல்லை. தனிச் சிப்பாய் என்று கேலி செய்கிறவர்கள் கோர்ச்னோய் அதை எப்படித் தாங்கினார் என்று பார்க்க வேண்டும்: டி4-ஐ விட்டுக்கொடுக்காமல் காய்களைச் சுறுசுறுப்பாக வைத்திருந்தார். மறுபடியும் அதே டி4.

கோலாலம்பூரில் இப்போது பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தர ஆள் நிறைய இருக்கிறார்கள். மலேசியச் செஸ்ஸின் புரவலர் டத்தோ டான் சின் நாம் இருந்த காலத்தில் ஆரம்பித்த மலேசியச் செஸ் விழா மிட் வேலி சிட்டிடெல் ஹோட்டலில் நடந்த ஆண்டுகளில் செந்தூலில் கொம்யூட்டர் ரயில் ஏறி அங்கே போய்விடலாம், வெளிநாட்டு கிராண்ட்மாஸ்டர்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் பிரெஞ்சைக் கற்றதில் பாதி அங்கே பின்னால் நின்று பார்த்ததுதான். இன்றைக்கு வாய்ப்பு அதைவிட அதிகம். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளையானாலும் கறுப்பானாலும் ஒரே மாதிரி காய்களை அடுக்கும் ஓப்பனிங்கோடு வருகிறார்கள். வெள்ளை என்றால் லண்டன் சிஸ்டம். எதிராளி என்ன ஆடினாலும் அதே ஏழெட்டு நகர்த்தல். லண்டன் மோசமான ஆட்டம் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் அதை மட்டும் ஆடினால், நடுப் பலகையில் சிப்பாய்கள் முட்டிக்கொள்ளும்போது என்ன யோசிப்பது என்பதே தெரியாமல் போகும் என்கிறேன். என் அண்ணன் மகளின் பயிற்சியாளருக்கு இதில் என்னோடு உடன்பாடு இல்லை. இருக்கட்டும்.

நான் அவளுக்கும் அவள் தோழிகள் இருவருக்கும் வைத்த பயிற்சி இதுதான். அட்வான்ஸ் நிலையின் சிப்பாய்களையும் ராஜாக்களையும் வைத்து, ராணிகளையும் யானைகளையும் எடுத்துவிடுவது. இரண்டு பக்கமும் குதிரைகளும் பிஷப்புகளும் மட்டும். கறுப்பு ஆடுகிறவர் டி4-ஐயோ இ5-ஐயோ பிடிக்க வேண்டும், வெள்ளை ஆடுகிறவர் தடுக்க வேண்டும். பிறகு பக்கம் மாற்றி ஆட வேண்டும். எஞ்சின் கிடையாது. எஞ்சினைப் போட்டால் பிரெஞ்சில் எப்போதும் வெள்ளைக்குச் சற்று நல்லது என்றுதான் காட்டும். அந்தச் 'சற்று' மனுஷர்கள் ஆடும் ஆட்டத்தில் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று அது சொல்லாது. சில வாரங்களில் அவர்கள் பேச்சு மாறியது. "பிஷப்பை வெளிய எடு" என்பது போய், "குதிரை இ5-க்கு வந்துடும், இப்ப எஃப்6 வேணாம்" என்று ஒருத்தியை ஒருத்தி திருத்திக்கொள்கிறார்கள்.

கடைசியாக எக்ஸ்சேஞ்ச் வகை. மூன்றாவது நகர்த்தலிலேயே வெள்ளை இ4-ஆல் டி5-ஐ வெட்டிவிடும், கறுப்பு இ6-ஆல் திருப்பி எடுக்கும். பலகை கண்ணாடியில் பார்த்ததுபோல் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். சங்கிலி இல்லை, டி4-க்குச் சண்டை இல்லை. பள்ளிப் போட்டிகளில் இது அடிக்கடி வருகிறது, ஏனென்றால் எதிரே இருக்கும் பிள்ளைக்குப் பிரெஞ்சு தெரியாது, சீக்கிரம் டிரா ஆனால் போதும். அவள் இதற்குத்தான் மிகவும் கோபப்படுகிறாள்.

"இவ்வளவு படிச்சது வீணா சித்தப்பா?"

வீணில்லை. முதலில், சிப்பாய் இ6-ஐ விட்டுப் போன அந்த நொடியே சி8 பிஷப்புக்கு வழி திறந்துவிட்டது. வெள்ளை தானாகவே முன்வந்து நம் ஒரே குறையைத் தீர்த்துவைத்திருக்கிறது. இரண்டாவது, எதிராளி டிராவுக்கு வந்திருக்கிறார் என்றால் அவருக்குப் பிடிக்காத ஆட்டத்தை நாம் ஆட வேண்டும். பிஷப்பை டி6-இல் வை. ராஜா பக்கக் குதிரையை எஃப்6-க்குப் பதிலாக இ7-இல் வை, அப்போது வெள்ளை பிஷப் ஜி5-இல் வந்து அதைக் கட்டிப்போட்டாலும் எஃப்6 தள்ளி விரட்டிவிடலாம். மற்றக் குதிரை சி6. சி8 பிஷப் ஜி4-க்கு, ராணி டி7-க்கு. வெள்ளை ராஜா பக்கம் கோட்டை கட்டியிருந்தால் நீ ராணிப் பக்கம் கட்டு. எச் சிப்பாயைத் தள்ளத் தொடங்கு. இனி டிரா கேட்டு யாரும் கை நீட்ட முடியாது.

போன மாதம் ஒரு ரேபிட் போட்டியில் இதை அப்படியே ஆடினாள். ஜி4-க்குப் போன பிஷப் வெள்ளைக் குதிரையை எஃப்3-இல் கட்டிப்போட்டது, இ7 குதிரை ஜி6 வழியாக எஃப்4-க்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் குதிரையை விரட்ட வெள்ளை ஜி3 தள்ள, எஃப்3 இன்னும் பலவீனமாகியது. ஆட்டத்தை எனக்குக் காட்டும்போது அவள் பேசியதெல்லாம் குதிரையைப் பற்றித்தான். பிஷப் எங்கே நின்றது என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.